தங்கம் தேடும் கம்பெனியும் என் மோதிர விரலும்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அதாவது உங்கள் தங்கை சுகமாக இருக்கிறாள், நான் இருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுக்காததற்கு மன்னிக்க வேண்டும். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த காலத்தில், எழுந்தால் "எங்க கிளம்பிட்டீங்க?" என்றும் உட்கார்ந்தால் "இப்படியே உட்கார்ந்திருந்தா எப்படி?" என்றும் உங்கள் தங்கை கேட்டுக் கேட்டு, நான் பாதி எழுந்த நிலையிலேயே வாழப் பழகியிருந்தேன். அப்போது உங்கள் பழைய சிநேகிதரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவருடைய தங்கம் தேடும் கம்பெனியில் என்னைக் கிடங்குப் பொறுப்பில் சேர்த்துவிட்டீர்கள். அந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.

தங்கக் கம்பெனி என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் என் சட்டைப் பையைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். நாங்கள் தங்கம் எடுப்பவர்கள் இல்லை ஐயா, மண்ணுக்குள்ளே இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், இருந்தால் பெரிய கம்பெனி எவனாவது வந்து வாங்கிக்கொள்வான், இதுவரை எவனும் வரவில்லை, ஏனென்றால் இதுவரை இல்லை என்று எத்தனை சொல்லியும் அவர் மண்டையில் ஏறவில்லை. சலவைக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, இதுதான் எங்கள் கம்பெனி. துளை போடும் இயந்திரம்கூட வாடகைக்குத்தான். துளை போட்டால் நீள நீளமாக உருளைக்கல் வரும். அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் அடுக்கி வைப்போம். உங்கள் சிநேகிதருக்கு ஆபீசில் 'அடுத்த துளை' என்று பேர். ஒவ்வொரு துளையும் வெறுங்கல்லாகப் போகும்போது மேஜையைத் தட்டி, "விடுங்கப்பா, அடுத்த துளையில இருக்கு" என்பார். போன மாதம் மட்டும் குரல் இறங்கிவிட்டது. "இதான் கடைசி. இதுலயும் இல்லைன்னா பங்கு போட்டவங்க கையை விரிச்சிடுவாங்க. கதவைச் சாத்திட்டு அவங்கவங்க வேற வேலை பார்த்துக்க வேண்டியதுதான்" என்றார். பாறை படித்த எங்கள் கல்லம்மா, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர், பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் என் வீட்டு நாற்காலியை நினைத்துக்கொண்டேன். மறுபடியும் வீட்டில் பாதி எழுந்து நிற்பதா!

அந்த நேரம் பார்த்துக் கல் அறுப்பவருக்குப் பல்வலி வந்து கன்னம் பூரியாக வீங்கிவிட்டது. நான் இருக்கும்போது கவலை எதற்கு என்று நானே வலியப் போய் ரம்பத்தின் முன்னால் நின்றேன். அவர் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு, "மோதிரம் கீதிரம் இருந்தா கழட்டிடுங்க சார்" என்றார். என் மோதிரம் தொலைந்துவிடக் கூடாதே என்று எத்தனை அக்கறை பாருங்கள் என நெகிழ்ந்துபோனேன். கல்யாணத்தில் நீங்கள் போட்டுவிட்ட மோதிரம், இப்போது சதையோடு சதையாகிவிட்டது, அது எங்கே தொலையப் போகிறது? கையுறை வேறு பிடிக்கவில்லை. வெறுங்கையோடு எல்லாக் கல்லையும் அறுத்து, தேய்த்துக் கழுவி, பையில் போட்டு அனுப்பினேன்.

முடிவு வந்தது மைத்துனரே, தங்கம்! அடுத்த துளை படியிறங்கி ஓடிச் சலவைக்காரரைக் கட்டிப் பிடித்தார். பங்குதாரர்கள் எல்லோருக்கும் செய்தி பறந்தது. நான் டீ கொடுத்துக்கொண்டு வந்தேன். கல்லம்மா டம்ளரை வாங்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"கையில என்னங்க அது?"

"மோதிரம்மா. மச்சான் போட்டது. சொக்கத் தங்கம்."

"கல் அறுக்கும்போதும் கையிலயா இருந்துச்சு?"

"கல்யாணத்துலேர்ந்தே கையிலதாம்மா இருக்கு."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மோதிரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உரசி விழுந்தாலே போதுமாம், வெறுங்கல்லும் தங்கக் கல் என்று முடிவு வந்துவிடுமாம். கழற்றச் சொன்னது என் மோதிரத்தின் மேல் அக்கறையில் இல்லை, கல்லின் மேல் அக்கறையில். கணக்கர் மெல்ல, "நாமளா வாயைத் திறக்கலைன்னா யாருக்கு சார் தெரியப்போகுது?" என்றார். உங்கள் சிநேகிதர், "நமக்குத் தெரியுமேப்பா" என்று சொல்லிவிட்டு, அந்த முடிவை நம்ப வேண்டாம் என்று பங்குதாரர்களுக்குத் தானே எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சார் நிக்கிறீங்க? டீ ஆறுது, குடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படிப்பட்ட மனிதரிடம் என்னைச் சேர்த்துவிட்டதற்கு இன்னொரு முறை நன்றி.

சலவைக்காரர் சோப்பு போட்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, என் மோதிரத்தை இழுத்தெடுத்தார். கல்லில் ஒட்டியது அதே தங்கம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதையும், மறு பாதிக் கல்லையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு என்ன வரும் என்பது தெரிந்ததுதான். மாதக் கடைசியில் கதவைச் சாத்துகிறோம். ஏழு பேர் பிழைப்பில் நான் மண் அள்ளிப் போட்டுவிட்டேன். ஒரே ஆறுதல் உங்கள் மோதிரத்தின் சுத்தம். "எங்கண்ணன் போட்டதுன்னா சும்மாவா? ஒரு துகள்லயே பாறை தங்கமாயிடுச்சு பாருங்க" என்று உங்கள் தங்கை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுபடி வீட்டில் இருக்கப் போகிறேன் என்பதை நீங்களே அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கல்லம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "மோதிரத்துல பொட்டுத் தங்கம் இல்லைங்க! முழுப் பித்தளை! மறு பாதிக் கல்லுல தங்கம் இருக்குங்க!" என்றார். ஆக, கல்லில் இருந்தது கல்லின் தங்கமேதான். கதவைச் சாத்தவில்லை, அடுத்த துளைக்கு இயந்திரம் சொல்லியாகிவிட்டது. நல்ல தங்கத்துக்கு வாரம் ஒரு முறை பல்பொடி போட்டுத் துலக்க வேண்டும் என்று அன்று சொன்னீர்கள், இன்று வரை துலக்கினேன். விரல் பச்சையானது உடம்புச் சூட்டினால் என்றீர்கள், மோர் குடித்தேன். பரவாயில்லை. நீங்கள் மட்டும் யோக்கியமாகத் தங்கத்தில் போட்டிருந்தால், மறு பாதியையும் இதே கைதானே தொட்டது என்று அதையும் நம்பியிருக்க மாட்டார்கள், இன்று ஏழு பேர் நடுத்தெருவில். என் மனமார்ந்த நன்றி. விஷயத்தை உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை. கல்லம்மா சந்தோஷம் தாங்காமல் போனில் சொல்லிவிட்டார். அவள் அங்கே வரத்தான் கிளம்பியிருக்கிறாள். இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், தயவுசெய்து வீட்டில் இருக்காதீர்கள்.