குத்தம் சொல்லி விற்றவர்

தன் சரக்கைத் தானே திட்டி விற்கும் வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய மளிகைக் கடை திருவனந்தபுரத்தில், சாலை பஜார் என்ற கடைத்தெருவில் இருந்தது. இயற்பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் குத்தம் அண்ணாச்சி.

காலையில் ஊரே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பும். அண்ணாச்சியின் ஸ்டேட்டஸில் மட்டும், ‘உளுந்து பழசு. சீரகத்தில் தூசி உண்டு’ என்றிருக்கும். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, ஸ்ரீவராகத்தில் தனி அறை எடுத்திருந்த நான், முதல் நாள் கொறிக்கப் பொரிகடலை கேட்டேன்.

“வேண்டாம் சாரே. வண்டு விழுந்திருக்கு. வியாழக்கிழமை வாங்க, கேட்டோ” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். “எனக்குக் குறட்டை உண்டு, முன்கோவம் உண்டு, வலது காது மந்தம்” என்று அடுக்கினாராம். பெண்ணின் அப்பா பாதிக் காப்பியோடு தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். ஐம்பது வயதிலும் மனிதர் ஒற்றைக்கட்டை.

ஒருநாள் அவர் அரைத்து விற்ற மிளகாய்த்தூளில் பூசண வாடை. வாங்கிய அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பிவிட்டார்: ‘நேற்று தந்த மிளகாய்த்தூளைக் கொட்டிவிடவும். வத்தல் சரியாகக் காயவில்லை. கவனிக்காதது என் தப்பு.’

பக்கத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, வட்டு புடிச்சிட்டா, பைத்தியமா? யாரும் கேக்கக்கூட இல்லியே!”

ஒரு வாரம் கடையில் ஈ, காக்கை இல்லை. இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான். மத்தியானத்தில் நான் மட்டும் போய் உட்கார்ந்திருப்பேன்.

“யாவாரம் போட்டும் சாரே. வீட்லதான் ஆளில்ல. இங்கயும் ஒரு வார்த்த பேச ஆளில்லன்னா எப்படி?” என்றார். நான் கால் கிலோ கடுகு கேட்டேன்.

எட்டாம் நாள் ஸ்ரீவராகத்து மாமி ஒருவர் பையோடு வந்தார்.

“எதிர்க்கடையில கேட்டேன். எல்லாம் நன்னாருக்குங்கறான். பயமா இருக்கு. உங்க கடையில என்னென்ன கெட்டுருக்குன்னு சொல்லுங்கோ, மிச்சத்த வாங்கிண்டு போறேன்.”

அண்ணாச்சி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து ஆசைதீரக் குற்றம் சொன்னார். மாமி போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மூணு வருசமா வராங்க சாரே. இன்னைக்குத்தான் நின்னு பேசினாங்க.”

மாமிக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கடை பிழைத்தது. நான் போவதை நிறுத்தவில்லை. சமைக்கவே தெரியாத என் அறையில் கடுகு மட்டும் ஆறு கிலோ சேர்ந்துவிட்டது. எல்லாவற்றிலும் குற்றம் சொல்லும் மனிதர், இவ்வளவு கடுகு எதற்கு என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த ஊரில் எனக்கும் பேச வேறு ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும்.