பெற்றோல் மாப்பிள்ளை

கப்பல்துறை இறக்கத்தில் யோகலிங்கம் எஞ்சினை நிறுத்தினான். கார் சத்தமில்லாமல் கீழே உருண்டது.

"வரேக்க சரி. போகேக்க என்ன செய்யப்போறாய்?" பக்கத்தில் இருந்த மெக்கானிக் பக்கீர் கேட்டான்.

"அதுக்குள்ள பொம்பிளை பார்த்து முடிஞ்சிடும்."

யோகலிங்கம் நிலாவெளியில் வாடகைக் கார் ஓடுபவன். பெற்றோல் விலை ஏறியதும், பழைய வான் ஒன்றில் கழற்றிய டீசல் எஞ்சினைப் பக்கீர்தான் இந்தக் காரில் பூட்டிக் கொடுத்தான். இப்போது அரைவாசிச் செலவில் புல்மோட்டைக்குப் போய் வரலாம். ஆனால் புல்மோட்டையில் புறப்பட்டால் நிலாவெளியிலேயே சத்தம் கேட்கும்.

பெண் வீட்டார் தரகரிடம் கேட்டது ஒரே கேள்வி: "கார் பெற்றோலோ, டீசலோ?"

கௌரவமான குடும்பமாக்கும், டீசலென்றால் மதிக்காதாக்கும் என்று யோகலிங்கம் "பெற்றோல்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். படத்தில் பார்த்த பெண் இராசமலரின் சிரிப்பை ஒரு எஞ்சினுக்காக இழக்க அவனுக்கு மனமில்லை.

கார் உருண்டு போய் நின்றபோது பெண்ணின் தகப்பன் சோமசேகரம் வாசலில் நின்றார். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"சத்தமே இல்லை" என்றார். முகம் ஏனோ வாடியிருந்தது.

"பெற்றோல்தானே ஐயா."

"ம்... ஆனால் டீசல் மணக்குதே தம்பி?"

பக்கீர் அவசரமாகப் போத்தலில் கொண்டுவந்த பெற்றோலைத் துணியில் நனைத்து, காரின் பொனற் மூடி முழுவதும் துடைத்தான். அந்த நேரம் பார்த்துச் சோமசேகரம் சுருட்டை வாயில் வைத்து நெருப்புக்குச்சியை உரசப் போனார். பக்கீர் பாய்ந்து சுருட்டைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தான்.

"டேய், அது குடிக்கிற கிணறு!"

பதறிப்போன யோகலிங்கத்தின் வாய் முந்திக்கொண்டது. "ஐயா, கோவிக்காதேங்கோ. சந்தியில நல்ல சுருட்டு வாங்கித் தாறன்."

"அப்ப கார்லயே போவம்." சோமசேகரம் முன் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்த டீசல் எஞ்சின் சூடேறிக் கிளம்ப இருபது வரை எண்ண வேண்டும். யோகலிங்கம் உதடு அசைய எண்ணினான்.

"என்ன தம்பி, தேவாரமோ?"

"ஓம் ஐயா. எப்பவும் பாடித்தான் ஸ்டார்ட் பண்ணுறனான்."

இருபதில் கார் குலுங்கி இடி இடித்தது. கோழிகள் கூரையில் ஏறின. கரும்புகை போய்க் கொடியில் காய்ந்த சோமசேகரத்தின் வெள்ளை வேட்டிகளில் படிந்தது.

யோகலிங்கம் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தப்பிப் போவதற்கு இன்னுமொரு தேவாரம் பாட வேண்டும். குனிந்த தலையோடு கத்தினான்: "டீசல்தான் ஐயா! பொய் சொல்லிப்போட்டன்! இறங்குங்கோ, நாங்கள் போறம்!"

சோமசேகரம் இறங்கவில்லை. காதுக்குக் கை கொடுத்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குசினி யன்னலால் பெண்ணின் சின்னம்மா எட்டிப் பார்த்து, அந்த இரைச்சலுக்கு மேலால் குரல் வைத்தாள்: "எடி இராசமலர், தேத்தண்ணியைக் கொண்டு வா! பெற்றோலுக்கு உழைக்கிறவன் பெண்சாதிக்கு என்னத்தைக் குடுப்பானெண்டு போன கிழமை பெற்றோல் காரில வந்தவனை உன்ர கொப்பர் கலைச்சவரெல்லே? இது டீசலாமடி, சீனியைக் கூடப் போடு!"