வலது பக்கத்துத் திரை

அக்டோபர் பிறந்த அன்று ஹோரியா ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். இனிமேல் இந்தச் சின்னத் திரையோடு குடும்பம் நடத்துவதில்லை.

அவனுக்கு வயது நாற்பத்து நாலு. கலாட்ஸ் துறைமுக அலுவலகத்தில் வேலை. டான்யூப் ஆற்றில் எந்தச் சரக்குப் படகு எந்த நேரத்துக்கு வந்து சேரும் என்று அட்டவணை போட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே போடலாம். ஊர்ப் பெயர்தான் கலாட்ஸ். ஆளிடம் கலாட்டா எதுவும் கிடையாது. சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மட்டும் விதிவிலக்கு. அந்த நேரத்தில்தான் மனைவி ஸ்மரன்டா சர்ச் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்குப் போவாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் ஹோரியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர் விமானத்தில் ஏறிவிடுவான். எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். அவனுக்குக் கீழே மூன்று விமானங்கள். அதில் ஒன்றை ஓட்டுபவர் யாஷி நகரத்தில் பல் டாக்டர். மூன்று பேரும் அவனைக் கமாண்டர் என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் அவனை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

நவம்பரில் பெரிய போட்டி. சின்னத் திரையில் எதிரி விமானம் கொசு அளவுக்குத்தான் தெரிந்தது. கொசுவை அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் அது சுட்டுவிட்டுப் போய்விடும். முப்பத்திரண்டு அங்குலத்தில், புள்ளி புள்ளியாகத் தெரியாத, நாலு கே திரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்க மாடிப்படி இறங்கி நெகுலாய் வீட்டுக்குப் போனான். நெகுலாய் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். இந்த விஷயத்தில் அனுபவசாலி. விளையாட்டு என்ற வார்த்தையையே எடுக்காதே, கண் வலி என்று ஆரம்பி, வேலை என்று முடி என்றார் அவர். மூன்று வருடம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பார்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லி, கால்பந்து பார்ப்பதற்காகப் பெரிய டிவி வாங்கியவர். அன்றிலிருந்து அந்த டிவியில் ஆராதனைதான் ஓடுகிறது. அதை ஹோரியா கவனித்திருக்க வேண்டும்.

அன்று முதல் ஹோரியா கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். காப்பி குடிக்கும்போது கசக்கினான். ரொட்டியில் கத்தரிக்காய்த் தொக்கைத் தடவும்போது கசக்கினான். அட்டவணையில் மூன்று எது, எட்டு எது என்றே தெரியவில்லை, நாளைக்கே இரண்டு படகை ஒரே துறையில் கொண்டு போய் நிறுத்திவிடுவேன் என்று புலம்பினான். ஸ்மரன்டா பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். நானூறு பக்கத்தில் ஒரு காற்புள்ளி காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிறவள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். விளையாடுவதற்கா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். ஹோரியா மனம் புண்பட்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, இந்த வயதில் அதற்கெல்லாம் நேரம் ஏது என்றான். சரி, வெள்ளிக்கிழமை கடைக்குப் போகலாம் என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இரண்டு திரைகளை அருகருகே வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே துல்லியம். இடது பக்கத்தது விளையாடுகிறவர்களுக்கு; நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு தடவை படத்தைப் புதுப்பிக்கும், எவ்வளவு வேகமாக ஓடினாலும் படம் இழுபடாது. வலது பக்கத்தது நொடிக்கு அறுபது தடவைதான். ஆனால் எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும், படிக்கிறவர்களுக்கு ஏற்றது. சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"சார் கேம் விளையாடுவாரா?"

ஸ்மரன்டா திரும்பிப் புருஷன் வாயையே பார்த்தாள்.

"நானா? சேச்சே," என்றான் ஹோரியா.

"அப்ப வலது பக்கத்தது போதும்."

ஹோரியா விடவில்லை. "இல்ல, வேகமா இருந்தா கண்ணுக்கு நல்லதுன்னு எங்கயோ படிச்சேன்."

"நீங்க படிக்கிற பக்கம் நின்ன இடத்துலதானே நிக்கும் சார்."

"மவுஸாவது கொஞ்சம் வேகமாப் போகுமில்ல?"

இப்போது ஸ்மரன்டா வாயைத் திறந்தாள். "உங்க படகே மணிக்குப் பத்து கிலோமீட்டர்ல வருது. மவுஸ் மட்டும் முன்னாடி போய் என்ன பண்ணப் போகுது?"

வீட்டில் எப்போதும் 'நீ' என்பவள் 'உங்க' என்று ஆரம்பித்தால் ஹோரியா பேச்சை நிறுத்திக்கொள்வது வழக்கம். நிறுத்திக்கொண்டான். வலது பக்கத்துத் திரை வீட்டுக்கு வந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவு சாத்தியது. ஹோரியா வானத்தில் ஏறினான். நீல வானம் மேஜை அகலத்துக்கு விரிந்தது. மேகத்தின் ஓரம் வரைக்கும் தெரிந்தது. ஒரு நிமிடம் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவன் விமானத்தைத் திருப்பினான். வானம் முழுக்கக் கூழாகிவிட்டது. ஒரே ஒரு எதிரி வந்தான். பின்னால் வால் முளைத்து மூன்று எதிரியாகத் தெரிந்தான். ஹோரியா நடுவில் இருந்தவனைச் சுட்டான். அது பல் டாக்டர்.

கமாண்டர் தூங்குகிறாரா என்று ஹெட்போனில் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்தபோது அந்த மரியாதையும் போய்விட்டது.

திங்கட்கிழமை அவன் மறுபடியும் கண்ணைக் கசக்கினான். இந்தத் திரை ஒத்துக்கொள்ளவில்லை, இடது பக்கத்தது போல ஒன்று இருந்தால் தேவலை என்று இழுத்தான். ஸ்மரன்டா பதறிப்போய் அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அரை மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, இருபது வயதுக்காரன் கண் மாதிரி இருக்கிறது, எந்தத் திரை வாங்கினீர்களோ அதையே பாருங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் ஸ்மரன்டா மிகவும் சந்தோஷமாக இருந்தாள். அன்று சாயங்காலம் புதுத் திரையில் பாடப்புத்தகத்தின் நான்கு பக்கங்களை ஒரே வரிசையில் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பிழை திருத்தினாள். அதற்குப் பிறகு, சனிக்கிழமை ஒத்திகை நேரம் தவிர, அந்தத் திரைக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்து அவன் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் தோல்விதான். அதற்கடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பல் டாக்டரே நேரடியாகச் சொல்லிவிட்டார்: போட்டியில் தலைமை தாங்க வேறு ஆள் பார்த்துவிட்டோம், நீங்கள் வேண்டுமானால் மாற்று ஆளாக உட்காரலாம். ஹோரியா ஹெட்போனைக் கழற்றி வைத்தான். ஒத்திகை முடிந்து ஸ்மரன்டா வந்து, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைப் பொதிந்து வேகவைத்ததைத் தட்டில் வைத்தாள். தன் பங்கில் பாதியைக்கூட அவன் தொடவில்லை. அவ்வளவு துக்கம்.

"ஸ்மரன்டா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கண்ணு வலின்னு சொன்னது பொய். விளையாடத்தான் கேட்டேன்."

"தெரியுமே."

"எப்படி?"

"அட்டவணை போடறப்ப 'சுடு, சுடு'ன்னு கத்தற ஆளு இந்தப் பத்து மாடியில நீ ஒருத்தன்தான். கீழ்வீட்டு நெகுலாய்க்கு அது கேக்காதா? அவர் பொண்டாட்டியும் எங்க பாட்டுக் குழுவுலதானே பாடறா."

ஹோரியா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"கடையில அந்தம்மா கேட்டப்ப உன் வாயைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்," என்றாள் அவள், குரலில் கோபமே இல்லாமல். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இடது பக்கத்ததைத் தூக்கிக்கிட்டு வந்திருப்போம். எனக்கும் அது போதும், எழுத்து அதுலயும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

ஹோரியாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இப்ப கொண்டுபோனா மாத்திக் குடுப்பாங்களா?"

"கண்டிப்பாக் குடுப்பாங்க. நீ டாய்லெட் போயிருந்தப்ப அதையும் கேட்டு வெச்சேன். பதினாலு நாளைக்குள்ள எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாமாம்."

ஹோரியா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். இரண்டு கையும் முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்து, நான்காவது விரலைத் தாண்டி ஒரு விரல் மிச்சமாக நின்றது.

"நேத்தோட முடிஞ்சுது," என்றபடி ஸ்மரன்டா அவன் தட்டில் இன்னொரு உருண்டையை வைத்தாள். "கவலைப்படாத, சீட்டாட்டம் ஒண்ணு ஏத்தி வெச்சிருக்கேன். சீட்டெல்லாம் நின்ன இடத்துலயே நிக்கும். அஞ்சு மணிக்கு நான் வர்ற வரைக்கும் ஆடு, வந்ததும் எந்திரிச்சிடு."