செவியார் கேட்ட அழுகை

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடையின் மாடியில் ஒரு கூடம். காலையிலிருந்தே படிக்கட்டு நிறையக் கூட்டம். ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பச்சைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்கள். சிலர் துண்டு வேறு போர்த்தியிருந்தார்கள். சளி பிடித்துவிடும் என்று பயமோ என்னவோ.

உள்ளே இருந்தவர் செவியார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டதாம். உயிரில்லாமல் கிடக்கும் கம்ப்யூட்டரின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, உள்ளே ஹார்ட் டிஸ்க் என்ன சொல்கிறது என்று கேட்பார். சொந்தக்காரரிடம் வாய் திறக்காத டிஸ்க், இவர் காதில் மட்டும் குடும்பக் கதையெல்லாம் கொட்டும். பிறகு "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்பார். மூடுவார்கள். பெட்டியை முன்னும் பின்னும் தடவுவார். "இப்ப திறங்க" என்பார். பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். கூட்டம் கண்ணீர் விடும். உண்டியலும் சும்மா இருக்காது.

சில பெட்டிகள் எழுந்திருக்காது. அப்போது செவியாரின் முகம் வாடிவிடும். "உயிர் பிரிஞ்சிடுச்சு. டிஸ்க்கைக் கொடுங்க, நானே நல்லடக்கம் பண்ணிடறேன்" என்பார். அதற்குத் தனிக் காணிக்கை. அடக்கம் எங்கே நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பின் தெருவில் அவருடைய மச்சான் நடத்தும் பழைய சாமான் கடையில் டிஸ்க்குக்கு மட்டும் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

விதி ஒன்றே ஒன்றுதான்: பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் ஆவி பறந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு போட்டோக்காரரின் கம்ப்யூட்டர் படுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: துவக்க டிஸ்க் கிடைக்கவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர் மகளின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதற்குள். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அவர் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்டுடியோவுக்கே வந்தார். "தம்பி, பொண்ணு ஞாயித்துக்கிழமை புருஷனோட வெளிநாடு கிளம்பறா. படம் இல்லைன்னா நான் என்ன பண்றது? மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டு இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் போட்டோக்காரருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வழியையும் அவரே சொன்னார். "செவியார்கிட்ட போ. எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டரை எழுப்பினது அவர்தான்."

திருடனைப் பிடிக்கிறவர்களே போய் வரிசையில் நின்ற இடம் என்றால் சும்மாவா? போட்டோக்காரர் சட்டையை மாட்டினார். ஆல்பம் வடிவமைக்கும் அவருடைய மனைவி தடுத்தார்.

"ஏங்க, பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துடலாமே."

"திறந்தா ஆவி போயிடும்மா."

"எதோட ஆவி?"

"டிஸ்க்கோடது."

"வாங்கறப்ப கடைக்காரர் ஆவியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் டோக்கன் வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் மனைவி திருப்புளியைத் தேடி எடுத்தார். என்ன செய்தார் என்பதை அவரே சொல்வார். நான் முந்திக்கொண்டால் கோபித்துக்கொள்வார்.

மறுநாள் போட்டோக்காரரும் மனைவியும் பெட்டியோடு கூடத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். செவியார் ஸ்டெதாஸ்கோப்பைப் பெட்டியின் வயிற்றில் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"டிஸ்க் அழுகுது" என்றார்.

"என்ன சொல்லி அழுகுதுங்க?" என்று மனைவி கேட்டார்.

"ஒரு பெரிய மனுஷர் வீட்டுக் கல்யாணம் என் வயித்துல இருக்கு, என்னைக் காப்பாத்துங்கன்னு அழுகுதும்மா."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார்.

"இதயம் ஓடுதுங்களா?"

"ஓடுது. மெதுவா ஓடுது. நல்லாவே கேக்குது. எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள். தடவினார். திறக்கச் சொன்னார். போட்டோக்காரர் பொத்தானை அழுத்தினார். அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. மறுபடி மூடச் சொல்லி மறுபடி தடவினார். பெட்டி அசையவில்லை. செவியாருக்கு வியர்த்தது.

"போயிடுச்சு. என் கையிலேயே போயிடுச்சு. அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணிடலாம்."

போட்டோக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கண்முன்னே வந்து நின்றது. மனைவி எழுந்தார்.

"அடக்கத்துக்கு முன்னால ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேங்க."

"பெட்டியைத் திறக்கக் கூடாதும்மா. ஆவி..."

"அதான் போயிடுச்சுன்னு சொல்லிட்டீங்களே. இனிமே எந்த ஆவி பறக்கும்?"

செவியார் ஸ்டெதாஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார். "அதானே" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, தானே பெட்டியைத் திறந்தார்.

உள்ளே டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

மனைவி கைப்பையிலிருந்து தட்டையாக, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்கு ஒன்றை எடுத்தார். "நேத்துலேருந்து டிஸ்க் என் பையிலதான் இருக்கு. அழவே இல்லை. இது பழைய மாதிரி சுத்தற டிஸ்க்கும் இல்லை. உள்ள ஓடறதுக்கு ஒண்ணுமே கிடையாது. நல்லா இருந்தாலும் கெட்டுப்போனாலும் சத்தம் வராது. இவருக்கு மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?"

கூட்டம் செவியாரின் ஸ்டெதாஸ்கோப்பைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னொண்ணு. பெட்டிக்குப் பின்னால ஒரு பென் டிரைவ் இருந்துச்சு. இப்ப காணோம். அதுல சிவப்பு நகப்பூச்சால புள்ளி வெச்சிருக்கேன். இவர் சட்டைக் கையைக் கொஞ்சம் உதறச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரே உதறினார். சிவப்புப் புள்ளியோடு பென் டிரைவ் கீழே விழுந்தது.

"பாட்டு ஏத்திட்டு எடுக்க மறந்துட்டீங்க" என்று மனைவி கணவரைப் பார்த்துச் சொன்னார். "கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டியதை முதல்ல இதுக்குள்ள போய்த் தேடுது. ஒண்ணும் கிடைக்கலைன்னதும் அங்கேயே நின்னுடுது. நேத்து இதைப் பிடுங்கினேன், எழுந்துடுச்சு. படமெல்லாம் பத்திரமா இருக்கு. அப்புறம்தான் இதைத் திரும்பச் சொருகிட்டு, டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, டோக்கன் வாங்கின புண்ணியம்னு சொல்லியிருப்பீங்க."

போட்டோக்காரர் மறுக்கவில்லை. "இவர் பிடுங்கறார்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையா இங்க வந்தேன். எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் மூடலை."

அவர் டிஸ்க்கை வயர்களில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். திரையில் மணப்பெண் சிரித்தாள். பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவர் இன்ஸ்பெக்டர். நேரில் நின்ற இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார், பிறகு செவியாரைப் பார்த்தார்.

"எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல என்னத்தைப் பிடுங்கினே?" என்று மெதுவாகக் கேட்டார். செவியாருக்கு இப்போது காது கேட்கவில்லை.

"என்ன இருந்தாலும் அவர் பக்கத்துல இருந்ததாலதான் எழுந்துச்சு" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. செவியார் இன்ஸ்பெக்டரோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார், கூட்டம் போகவில்லை. துண்டு போர்த்திய பெட்டியோடு ஒரு மளிகைக்கடைக்காரர், போட்டோக்காரரின் மனைவியிடம் வந்தார். அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை உருவாகியிருந்தது.

"அம்மா, உங்க கை ராசியான கை. இதையும் கொஞ்சம் தடவிக் கொடுங்க."

மனைவி திருப்புளியை அவரிடம் நீட்டினார். "தடவ வேண்டாங்க. நீங்களே திறந்து பாருங்க."

மளிகைக்கடைக்காரர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, பக்தியோடு கண்களை மூடினார்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கத் திருப்புளி போதும். மண்டையைத் திறக்க எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆனால் முதலில் உங்கள் மண்டையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.