வெளிர்பச்சைக் கட்டம்

எடையளவுத் துறை ஒரு முடிவெடுத்தது. துறை தொடங்கியதிலிருந்து அது எடுத்த முதல் முடிவு இதுதான் என்று சொன்னால் அபாண்டம்; ஆனால் இதற்கு முன்னால் எடுத்தது எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஊழியர்களின் இடமாறுதல் மனுக்களை இனி மனிதர்கள் பார்க்க மாட்டார்கள், ஸ்கிரிப்ட் என்கிற கணினி நிரல்தான் பார்க்கும் என்பது முடிவு. "வேகத்தையும் வெளிப்படைத்தன்மையையும் கருத்திற்கொண்டு, மனிதக் கண்ணின் தலையீடு அறவே நீக்கப்படுகிறது" என்றது சுற்றறிக்கை. அந்த வருடம் எல்லாத் துறைகளும் ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டன. அதற்கு முந்தைய வருடம் வாசலில் தொட்டிச்செடி வைத்துக்கொண்டார்கள்.

"நம்ம ஆபீஸ்ல ஸ்கிரிப்ட் யாருக்குத் தெரியும்?" என்று இயக்குநர் கேட்டார்.

எல்லோரும் கணினியம்மாவைக் கை காட்டினார்கள். அவள் வேலை என்னவோ இளநிலை உதவியாளர்தான். ஒரு நாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அலுவலகமே கூடி நின்று கவலைப்பட்டபோது, அவள் போய்ச் சுவிட்சைப் போட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒயர் வைத்த எல்லாப் பொருள்களும், டீ கொதிக்க வைக்கும் கெட்டில் உட்பட, அவள் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. உண்மையிலேயே அவளுக்கு ஸ்கிரிப்ட் எழுதவும் வரும் என்பது தற்செயல்.

கணினியம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். காரணம் மனுக்களைப் பதிந்துவைத்த விரிதாளிலேயே இருந்தது. துறையில் யார் யார் எந்த ஊருக்கு மாறுதல் கேட்டிருக்கிறார்கள் என்று வரிசை வரிசையாகப் போட்டிருக்கும் அந்த எக்ஸெல் ஷீட்டில் அவளுடைய பெயரும் மூன்று வருடமாகக் கிடந்தது. அவள் கணவன் இதே துறையில், பஸ்ஸில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கும் கிளையில் தராசு பரிசோதகன். மகளும் அவனோடுதான் இருந்தாள். போன சனிக்கிழமை கணினியம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் விருந்தாளிகளுக்கென்று அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையை எடுத்துக் கழுவி, அதில் டீ கொண்டுவந்து அம்மாவுக்கு நீட்டினாள். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஆனால் அவள் கட்டம் பச்சை! 'முடிவு' என்ற கடைசிப் பத்தியில், அவள் பெயருக்கு நேரே, இயக்குநர் தம் கையாலேயே பச்சை அடித்திருந்தார். ஸ்கிரிப்ட் வந்து படித்தால் அன்றைக்கே ஆணை வந்துவிடும் என்று நம்பி, அவள் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்து ஸ்கிரிப்டை எழுதி முடித்தாள். வேலை எளிது. வரிசையாகப் போக வேண்டும், பெயர் உள்ள கட்டத்தைப் படிக்க வேண்டும், முடிவு உள்ள கட்டத்தைப் படிக்க வேண்டும், படித்ததை அச்சடிக்க வேண்டும்.

அச்சடித்து வந்த தாளை இயக்குநர் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் 'காலி' என்றிருந்தது.

"என்னம்மா இது? வருஷக்கணக்கா உக்காந்து பச்சை, மஞ்சள்னு பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கேன். எல்லாம் எங்கே போச்சு?"

"நிறம் அப்படியே இருக்கு சார். ஸ்கிரிப்ட் கட்டத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னுதான் படிக்குது. உள்ளே யாரும் எதுவும் எழுதலை."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அலுவலகத்தில் முடிவுகளை எழுதும் பழக்கமே கிடையாது, பூசும் பழக்கம்தான். கரும்பச்சை என்றால் அனுமதி. கிளிப்பச்சை என்றால் அனுமதி, ஆனால் யாரோ சொல்லி வந்தது. வெளிர்பச்சை என்றால் அனுமதிதான், இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். மஞ்சள் என்றால் என்னை வந்து பார். இந்தச் சாத்திரம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் கண்காணிப்பாளர் ஒருவர்தான். அதனால்தான் அவருக்கு அலுவலகத்தில் அவ்வளவு மதிப்பு.

"என்னோடது எந்தப் பச்சை சார்?" என்று கணினியம்மா அவரிடம் மெல்லக் கேட்டாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "வெளிர் பச்சை," என்றார் வருத்தமாக. "ஆனா நல்ல வெளிர் பச்சைம்மா. கவலைப்படாதே."

அவள் திரும்ப இயக்குநர் அறைக்குப் போனாள். "சார், ரொம்பச் சுலபம். கட்டத்துல 'அனுமதி'ன்னு ஒரு வார்த்தை அடிச்சிடுங்க. ஸ்கிரிப்ட் படிச்சிடும்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "எழுதறதா? எழுதினா, யார் எழுதினாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பேரு, தேதி, மணி எல்லாம் பதிவாகும்."

"அப்போ நிறத்துக்கு?"

"நிறம் யார் போட்டாங்கன்னு நம்ம ஷீட்ல பதிவாகற மாதிரி வைக்கலை சார்."

"பார்த்தியா! அதுல எவ்வளவு நாகரிகம் இருக்கு!"

"வேணும்னா நிறத்தையே படிக்கற மாதிரி ஸ்கிரிப்டை மாத்திடறேன் சார். எந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்னு ஒரே ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்."

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் இயக்குநருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. குடித்துவிட்டு, இது தனிமனிதன் முடிவு செய்யும் விஷயமல்ல என்று 'பச்சை வரையறைக் குழு' ஒன்றை அமைத்தார். குழு கூடியது. ஒருவர் திரையில் தெரிவது கரும்பச்சை என்றார், இன்னொருவர் பாசிப்பச்சை என்றார். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டால் நிறம் மாறுவதை மூன்றாமவர் கண்டுபிடித்துப் பாராட்டுப் பெற்றார். பச்சையின் பொருள் அறையின் வெளிச்சத்தைப் பொறுத்தது என்று குழு அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் அலுவலகம் முழுவதும் குழல்விளக்குகளை மாற்றினார்கள். கட்டங்களுக்குள் யாரும் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

இதற்குள் மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டு அவசரத் தகவல் வந்தது. 'நிலுவை' என்று குறிப்பிட்ட மனுக்கள் எத்தனை என்று ஸ்கிரிப்ட் எண்ணிச் சொல்ல வேண்டுமாம். கணினியம்மா ஓட விட்டாள். ஸ்கிரிப்ட் கட்டம் கட்டமாகப் படித்தது. எந்தக் கட்டத்திலும் நிலுவை என்று எழுதியிருக்கவில்லை, எதுவுமே எழுதியிருக்கவில்லையே! பூஜ்யம் என்று சொன்னது.

மேலிடம் மலைத்துப்போனது. நிலுவையே இல்லாத ஒரே துறை! பாராட்டுக் கடிதம் வந்தது, கேடயம் வந்தது, கேடயத்தோடு படம் எடுக்க ஆள் வந்தான். மற்றத் துறைகளிலிருந்து அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து திரையைப் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். போன சூட்டோடு தங்கள் கட்டங்களையும் துடைத்துக் காலியாக்கினார்கள். 'கட்டத் தூய்மை மாதம்' அறிவிக்கப்பட்டது. எல்லோரும் சட்டையில் ஒரு வெள்ளைச் சதுரம் குத்திக்கொண்டார்கள். ஒன்றும் எழுதாத சதுரம்.

கணினியம்மா தன் சதுரத்தைக் கழற்றி மேஜையில் போட்டாள். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பார்வையாளர்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், கட்டம் காலியா இருந்தா அதை எப்படி எடுத்துக்கறது?"

இயக்குநர் மேடை கிடைத்த மகிழ்ச்சியில் கையை விரித்தார். "இதென்ன கேள்வி? யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம்! ஆட்சேபணை இருந்தா எழுதியிருப்போமில்ல?"

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் இடத்துக்கு வந்து ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். கட்டம் காலியாக இருந்தால் 'ஆட்சேபணை இல்லை, ஆணை வழங்குக'.

பிரிண்டர் சாயங்காலம் வரை நிற்கவில்லை. துறையில் மாறுதல் கேட்ட அத்தனை பேருக்கும் மாறுதல். கண்காணிப்பாளருக்குச் சொந்த ஊர். இயக்குநருக்கு அவர் ரகசியமாகக் கேட்டிருந்த மலையோரத்துக் குளிர்ப்பிரதேசம். கோபிப்பார்கள் என்று கணினியம்மா பயந்தாள். ஆனால் அலுவலகமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. யாரும் எழுதவில்லை, யாரும் கையெழுத்திடவில்லை, ஸ்கிரிப்ட் சொல்லிவிட்டது! இப்படி ஒரு நிம்மதி யாருக்குக் கிடைக்கும்? இயக்குநர் கம்பளிக்கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவளை வாழ்த்தினார். "நல்லா இரும்மா. உன்னோட ஆர்டரும் வந்திருக்கு பார்."

வந்திருந்தது. கணினியம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் ஒழுங்காகப் பொருள் பட்டியல் எடுத்து, கெட்டிலைக் கழுவி வைத்து, ஒப்படைக்க ஆள் தேடினாள். ஆள் இல்லை. தலைமை அலுவலகமான அந்த இடத்திலிருந்து போகத்தான் எல்லோரும் மனுப் போட்டிருந்தார்களே தவிர, அங்கே வரவேண்டும் என்று புத்தி தெளிந்த எவனும் போடவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. மேலிடத்துக்குப் போன் செய்தாள்.

"அங்கே இருக்கறவங்கள்ல யாரு சீனியர்?" என்று கேட்டார்கள்.

"நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

"அப்போ விதிப்படி நீங்கதான் பொறுப்பு இயக்குநர். வாழ்த்துகள்."

"அப்படீன்னா என்னை நானே விடுவிச்சுக்கலாமா சார்?"

"அதெப்படிம்மா முடியும்? தன்னைத் தானே விடுவிச்சுக்கறது முறைகேடு."

அதோடு இன்னொரு ஆணையும் வந்தது. துறையே இடம் மாறிப்போனதில் மேலிடம் கொஞ்சம் கலங்கியிருந்தது. இனிக் காலிக் கட்டத்துக்கு எந்தப் பொருளும் இல்லை, முடிவைப் பொறுப்பு அதிகாரியே கட்டத்தில் எழுத வேண்டும், எழுதியதை மட்டும் ஸ்கிரிப்ட் படிக்கும் என்றது அது. கணினியம்மா இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தாள். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் கணவன் போன் செய்தான். "நீ வரமுடியாட்டா என்ன? நாங்க அங்கே வந்துடறோம். இப்பத்தான் மனு அனுப்பினேன், உன் ஷீட்ல வந்திருக்கும் பாரு. நீதானே இயக்குநர்? ஒரே ஒரு வார்த்தை எழுதிட்டா போதும். பாப்பா இப்பவே புத்தகத்தையெல்லாம் கட்டி வெச்சுட்டா."

"இதோ எழுதிடறேங்க," என்றாள்.

விரிதாளைத் திறந்தாள். கடைசி வரிசையில் அவன் பெயர் இருந்தது. 'முடிவு' கட்டத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. 'அ' என்று அடித்தாள். அடித்ததும் கை நின்றது. பெயர் பதிவாகும், தேதி பதிவாகும், மணி பதிவாகும். பொறுப்பேற்றுக் கையெழுத்து காய்வதற்குள் சொந்தப் புருஷனுக்கு மாறுதல் போட்டாள் என்று நாளைக்கு எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டால்? நியாயமான மாறுதல்தான். இருந்தாலும், புது இயக்குநர் வந்து எழுதினால் இன்னும் நியாயமாக இருக்குமே. அதுவரைக்கும் அவனுக்கு ஆறுதலாக ஏதாவது செய்து வைக்கலாம். அவள் 'அ'வை அழித்துவிட்டு, மேலே வண்ணப்பெட்டியைத் திறந்தாள்.

சாயங்காலம் கணவன் மறுபடி கூப்பிட்டான். "எழுதிட்டியா?"

"பச்சை போட்டிருக்கேங்க."

"ஆர்டர் எப்ப வரும்?"

"அது... கரும்பச்சை இல்லைங்க. கொஞ்சம் வெளிர் பச்சை. அனுமதிதான், இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்னு அர்த்தம். ஆனா நல்ல வெளிர் பச்சைங்க, நீங்க கவலைப்படாதீங்க."

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.