பதிவேட்டில் உள்ள எண்

எறையூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மாப்பிள்ளை ராஜவேலுக்கு, உன் அக்காள் சம்பூர்ணத்தின் வீட்டுக்காரன் தங்கராசு எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காள் சௌக்கியம். மூன்று நாள் மழையில் கொல்லைச் சுவர் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, விழவில்லை. நானும் ஏறக்குறைய அப்படித்தான். அரியலூரில் நீயும் பரிமளாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கீழே இடம் இருக்குமோ என்னவோ.

இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். என்னுடைய விருப்ப ஓய்வு விண்ணப்பம். இன்னும் பதினான்கு மாத சர்வீஸ் பாக்கி இருக்கிறது, அது எனக்கு வேண்டாம். தலைமையாசிரியை வெற்றிச்செல்வி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவர் கையில் கொடுத்தால் "நல்லா யோசிங்க சார்" என்பார். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. நீ தினமும் பெரம்பலூர் கல்வி அலுவலகத்துக்குப் போகிறவன், அங்கே கண்காணிப்பாளராக வேறு இருக்கிறாய். திங்கட்கிழமை முதல் தபாலாக இதை மேலே வைத்துவிடு. ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எல்லாம் நீ போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த செல்போனில் ஆரம்பித்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இனிமேல் பாடமும் பரீட்சையும் போன் வழியாகவும் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கு உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் ஜெயசுதா என்னிடம் வந்து, "சார், ஒரு அரை மணி நேரம் உக்காருங்க, எல்லாத்தையும் சொல்லித் தந்துடறேன்" என்றார். நான் எதையும் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித் தரக் கற்றவன் இல்லை. பி.எஸ்ஸி.யைத் தபாலில் படித்தேன். இங்கிலீஷைப் பேப்பரில் படித்தேன். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பூட்டி, மறுபடியும் பிரித்துத்தான் மோட்டாரைக் கற்றேன். ஆகவே ஒரு நோட்டு வாங்கி, எதை அழுத்தினால் எது வருகிறது என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டாம் பக்கத்திலிருந்து, "எதையும் அழுத்தாமலேயே வந்தவை" என்று தனித் தலைப்பு போட வேண்டியதாயிற்று.

போன திங்கட்கிழமை வெள்ளாற்றில் தண்ணீர் ஏறி, பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். ஆசிரியர்கள் மட்டும் வர வேண்டும். முதல் நாள் ஜெயசுதா ஏற்பாடு செய்த வீடியோ வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்குக் கணக்கு எடுக்க உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வருகைப் பதிவு எடுக்காமல் நான் ஒரு நாளும் சாக்பீஸைத் தொட்டதில்லை. பெயரைச் சொன்னால் பிள்ளை ஒலிவாங்கியைத் திறந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். ஒருவன் திறக்கிறான், அவன் வீட்டு மிக்ஸி பேசுகிறது. இன்னொருத்தி திறக்கிறாள், அவள் அம்மா, "ஏ புள்ள, வத்தல எடுத்து உள்ள வையி, தூறுது" என்கிறார். இருபத்தாறாவது பெயரைக் கூப்பிட்டபோது நாற்பது நிமிடம் முடிந்ததென்று வகுப்பு தானாகவே மூடிக்கொண்டது. மீதிப் பன்னிரண்டு பேருக்கு ஆப்சென்ட் போட்டேன்.

அந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஜெயசுதாவின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் பெயர் போடவில்லை. ஒன்று 'கிங் மேக்கர்', ஒன்று 'அம்மாவின் இளவரசி', இன்னொன்று வெறும் கிளிப் படம். கிளிக்கு நான் எப்படி மார்க் போடுவது? ஆகவே செவ்வாய்க்கிழமை காலை சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்து, அதில் உள்ள எண்களைக் கொண்டு '9 ஆ கணிதம்' என்று நானே ஒரு குழு அமைத்தேன். ஒவ்வோர் எண்ணையும் அந்தந்தப் பிள்ளையின் பெயரில் சேமித்தேன். பாதி எண்கள் 965, 971, 966 என்று தொடங்கின. புது வகை எண்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். "சார், நம்பர் யாரோடதுன்னு ஒரு தடவ கேட்டுக்கங்க" என்று ஜெயசுதா சொன்னது உண்மை. பதிவேட்டில் இருக்கும் எண்ணைப் பற்றி யாரிடம் கேட்பது?

பிறகு அ, ஆ, இ, ஈ என்று விடையைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட ஆன்லைன் தேர்வு ஒன்றை ஒற்றை விரலால் தட்டிச் செய்தேன். பெயர் எழுதச் சொன்னால் மறுபடியும் கிங் மேக்கர் வருவான் என்பதால் போன் எண்ணை மட்டும் கேட்டேன், பெயரை நான் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். குழுவில் இப்படி அறிவித்தேன்: "இன்று இரவு எட்டு மணிக்குள் அனைவரும் விடையளிக்க வேண்டும். காரணம் கூறக் கூடாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது. செ. தங்கராசு, கணித ஆசிரியர்." ஒரு நிமிடத்தில் முப்பது பேர் கும்பிடு படம் அனுப்பினார்கள். இத்தனை ஆண்டில் எந்த வகுப்பும் எனக்கு இவ்வளவு பணிந்து நான் பார்த்ததில்லை.

ஆறரை மணிக்கு அப்சல் என்ற பையனின் பெயரில் ஒரு செய்தி வந்தது. "சார் டியூட்டில இருக்கேன், இப்ப டீ பிரேக்கு. முடிச்சிட்டு வந்து எழுதறேன் சார்."

"ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு என்ன டியூட்டி? நாளை உன் தகப்பனாருடன் வந்து என்னைப் பார்" என்று பதில் போட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து, "அத்தா மௌத்தாகி ஆறு வருசமாச்சு சார். உங்களுக்குத் தெரியாதா?" என்று வந்தது.

மாப்பிள்ளை, எனக்கு மனது சங்கடமாகிவிட்டது. தகப்பனை இழந்த பிள்ளை எங்கேயோ வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறான். அவனிடம் நான் காரணம் கூறக் கூடாது என்கிறேன். அதைவிட, ஆறு வருடமாகப் பதிவேட்டைத் திருத்தாமல் வைத்திருக்கிற அலட்சியத்தைப் பார். புதன்கிழமை காலை முதல் வேலையாக, அப்சலின் தந்தை அபுதாகிர் என்ற பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'காலமானார்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, லப்பைக்குடிக்காட்டில் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர்கள் வீட்டுக்கு, துக்கம் விசாரிக்கப் போனேன். மாவட்டத்தில் வேறு எந்த ஆசிரியராவது போயிருப்பார்களா என்று நீயே சொல்.

அப்சலின் தாயார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, "வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "எனக்கு நேத்துதாம்மா சேதி தெரிஞ்சுது. மனசத் தளர விட்டுடாதீங்க. பையன் படிப்ப நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"என்ன சேதி சார்?"

"அப்சலோட அத்தா தவறிட்ட சேதிதாம்மா."

எனக்காக அவர் கொண்டுவந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. "யா அல்லா! காலையில டியூட்டிக்குப் போறப்பகூடப் பேசுனாங்களே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க வந்துவிட்டது. நாலைந்து பேர் குவைத்துக்குப் போன் போட்டார்கள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. எடுக்காததையே உறுதியாகக் கொண்டு மேலும் அழுதார்கள். இறந்து ஆறு வருடமான ஒருவர் இன்று காலை பேசியிருக்க முடியாது, ஆகவே இப்போது புதிதாக அழ வேண்டியதில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எழுந்து வரவும் முடியவில்லை. வாசல் நிறைய செருப்பு, என்னுடையது அடியில் இருந்தது. ஐம்பது நிமிடம் கழித்து அந்தப் பக்கமிருந்தே போன் வந்தது. எல்லோரும் கேட்க சத்தமாக வைத்தார்கள்.

"என்னாச்சு, அம்பது மிஸ்டு கால் கெடக்கு! சைட்ல போன உள்ள உட மாட்டாங்கன்னு தெரியாதா?"

எல்லோரும் ஒன்றாகப் பேசி முடித்து, கடைசியில் போனை என் முன்னால் நீட்டினார்கள். "சார், அஸ்ஸலாமு அலைக்கும், நான் அபுதாகிர் சார். உங்க 9 ஆ, கடைசி பெஞ்சு. நேத்து டெஸ்ட் எழுதுனேனே சார், பாத்தீங்களா? மௌத்தானது எங்க அத்தா சார், நான் இல்ல."

"நீ ஏம்ப்பா டெஸ்ட் எழுதுன?"

"நீங்கதான சார் எல்லாரும் எழுதணும்னீங்க? காரணம் சொல்லக் கூடாதுன்னு வேற போட்டிருந்தீங்க. பழைய 9 ஆ பசங்க குரூப்புன்னு நெனச்சோம் சார்."

விஷயம் இதுதான், மாப்பிள்ளை. சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் எண்ணைத்தான் கேட்கிறோம். அவர்களும் தாங்கள் வேலை செய்யும் வளைகுடா நாட்டு எண்ணையே உண்மையாகக் கொடுத்துவிட்டு மறுபடி விமானம் ஏறிவிடுகிறார்கள்; அந்த 965, 971 எல்லாம் அதுதான். என் தேர்வை எழுதியவர்கள் முப்பத்தெட்டுத் தகப்பன்மார்கள். என்னிடம் படித்தவர்கள் பழைய பாசத்தில் எழுதினார்கள். படிக்காதவர்கள், எழுதாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எழுதினார்கள். நம் எறையூரில் கரும்பு டிராக்டர் ஓட்டும் ராசாங்கம் எல்லாக் கேள்விக்கும் 'ஆ' என்று போட்டு மூன்று மார்க் வாங்கியிருக்கிறார். வழியில் பார்த்தபோது, "ஏதோ நம்மால ஆனது சார்" என்றார்.

நேற்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், உயிரோட இருக்கறவர ரெஜிஸ்டர்ல காலமாக்கி வச்சிருக்கீங்க. மார்க்க வேற நேரா போர்ட்டல்ல ஏத்திட்டீங்க. இப்ப 9 ஆ மொத்தமும் பெயில்னு காட்டுது. நான் மேல என்ன பதில் சொல்றது?"

"பதிவேட்டில இருக்கறதுதானே மேடம் நம்பர்?"

"நம்பர் சரிதான் சார். எடுக்கற ஆளு?"

எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன், படிவத்தைத்தான் திருத்த வேண்டும் என்று. நான் விலகுவது அதற்காக அல்ல. விளக்கம் கொடுப்பதற்கெல்லாம் நான் அஞ்சியவன் இல்லை.

வேறு காரணம். போன் தானாகத் திருத்திய விடைத்தாள்களை நான் நம்பாமல், எல்லாவற்றையும் தாளில் எடுத்தெழுதிச் சிவப்பு மையில் மறுபடி திருத்தினேன். ஓர் இடத்தில் மட்டும் போனும் நானும் வேறுபட்டோம், அதில் யார் சரி என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. பிறகு பதிவேட்டில் தகப்பன் பெயர்களை வரிசையாகப் படித்தேன். முப்பத்தெட்டில் இருபத்து மூன்று பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். மூன்றாவது கேள்வி, ஏ கூட்டல் பி, அதன் மொத்த வர்க்கம் என்ன என்பது. இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர், ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் வர வேண்டிய இரண்டு ஏபியைக் காணோம். முப்பத்தோரு வருடமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் கரும்பலகையில் தொண்டை வற்றச் சொன்னது அந்த இரண்டு ஏபியைத்தான். ஒரு விவசாயிக்கு விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு தெரிந்துவிடும். எனக்கு மொத்தமும் ஒரே சாயங்காலத்தில், மேஜையில் வந்து நின்றது. இதற்குப் பிறகு அந்தக் கரும்பலகை முன்னால் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் அக்காளிடம் இதைச் சொல்லவில்லை. மழையால் மூட்டு வலி, அதனால் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

விண்ணப்பத்தில் தேதி போட்டிருக்கிறேன். முடிவில் மாற்றமில்லை. யார் சொல்லியும் மாற்றிக்கொண்டவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பரிமளாவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் இருவரும் கணக்கில் கவனமாக இருந்து, நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா,
செ. தங்கராசு.

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது அபுதாகிர் போன் செய்தான். குவைத்தில் இன்று விடுமுறை. "சார், மூணாவது கணக்கு தப்புன்னு வந்துச்சு. ஏன் தப்பு? ரூம்ல பன்னெண்டு பேரு மூணு நாளா இதே சண்ட சார்" என்றான். வாயால் சொன்னால் ஏறவில்லை. கையில் கிடைத்த தாளின் பின்பக்கம் ஒரு சதுரம் வரைந்து, அதில் ஒரு பெரிய சதுரம், ஒரு சின்னச் சதுரம், இடையில் இரண்டு பட்டை என்று பிரித்துப் படம் எடுத்தேன். எப்படி அனுப்புவது என்பது நோட்டில் இல்லாததால் ஜெயசுதாவைக் கேட்டேன். போனில்தான் சொன்னார், பக்கத்தில் நின்று அல்ல. ஆகவே அது அவர் சொல்லித் தந்ததாக ஆகாது. படத்தைப் பார்த்துவிட்டு அபுதாகிர், "அட, நான் டைல்ஸ் ஒட்டறவன் சார், அந்த ரெண்டு பட்ட இல்லாம தரை எப்படி மூடும்? இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா!" என்றான். "அன்னிக்கும் இதேதான்டா வரைஞ்சேன், நீ ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்த" என்றேன். அந்தப் பக்கம் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவன், "அடுத்த டெஸ்ட் எப்ப சார்?" என்றான். நான் கையில் எடுத்த தாள் உனக்கு அனுப்ப வைத்திருந்த விண்ணப்பம். ஆகவே உறையில் அது இருக்காது, தேடாதே. வேறொன்று எழுதலாம்தான். இப்போது அவர்கள் ஏழாவது கணக்கில் நிற்கிறார்கள், அது முடியட்டும்.