தொண்ணூற்றாறு வீடும் ஒரு டேட்டாபேஸும்

இந்த வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகளை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் அல்ல. குளித்துவிட்டு வந்து செய்த தீர்மானம்.

காரணம் இருக்கிறது. மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வீடு வீடாகப் போய் நேரில் அழைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். காப்பி குடிக்க வேண்டும். அவர்கள் வீட்டு மாட்டின் உடல்நிலையை விசாரிக்க வேண்டும். என் மனைவி சண்முகப்பிரியா தொண்ணூற்றாறு வீடு என்றாள். நான் சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேனேஜர். வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக்குப் போய்விடுகிறது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது, தலைமுடியா?

"அம்மணி, பத்து ஊட்டுக்கு நேர்ல போலாம். மிச்சத்துக்கு வாட்ஸப்புல அனுப்பிச்சுக்கலாம்."

"யாருங்க அந்தப் பத்து?"

"அதைக் கம்ப்யூட்டர் சொல்லும்."

சண்டை வரும் என்று தயாராக நின்றேன். அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் போன வருஷம் லிப்ரே ஆபீசுக்கு மாறினோம். அதில் பேஸ் என்று ஒன்று உண்டு. விவரம் கேட்கும் ஃபார்மை அழகாகப் போட்டுத் தரும். ஆனால் வந்த விவரத்தையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பின்னால் ஒரு நல்ல டேட்டாபேஸ் வேண்டும். ஓப்பன் சோர்ஸில் இலவசமாகவே நாலைந்து கிடைக்கின்றன. எதைச் சேர்ப்பது? சொந்தபந்தத்தைச் சும்மா ஒரு ஷீட்டில் எழுதிவைக்கிறவன் மனிதனா? முறைப்படி ஆராய்ந்து முடிவெடுக்க உட்கார்ந்தேன். பத்தொன்பது நாள் உட்கார்ந்தேன்.

"இது எஸ்கியூலைட். சின்னது. ஒரே ஃபைல். ஆனா ஒருத்தர் எழுதறப்ப இன்னொருத்தர் எழுத முடியாது. காத்திருக்கோணும்."

"நான் பேசறப்ப நீங்க இருக்கற மாதிரிங்களா?"

நான் அடுத்ததற்குப் போனேன்.

"இது மைஎஸ்கியூஎல். இது மரியாடிபி. ரெண்டும் ஒரே மனுசன் ஆரம்பிச்சது. மொதல்ல மூத்த புள்ள பேரை வெச்சாரு. அப்பறம் பிரிஞ்சு வந்து எளைய புள்ள பேரை வெச்சாரு."

"அப்ப வேண்டாமுங்க. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்."

"இது போஸ்ட்கிரெஸ். யானைப் படம் போட்டிருக்கும். யாரு யாருக்கு மாமன், யாரு யாருக்கு மச்சான்னு ஒண்ணோட ஒண்ணு கோத்து வெச்சுக்கும். தப்பா எழுதுனா ஏத்துக்கவே ஏத்துக்காது."

"நம்ம அத்தை மாதிரிங்க."

அத்தை என்றால் என் அம்மா. இது பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. யானையையே எடுத்துக்கொண்டேன்.

ஃபார்மில் ஒவ்வொருவருக்கும் ஏழு கட்டம். பெயர், வயது, ஊர், எத்தனை கிலோமீட்டர், கடைசியாக நம் வீட்டுக்கு எப்போது வந்தார், குறிப்பு, நேரிலா வாட்ஸப்பிலா. இனி விவரம்தான் வேண்டும். சண்முகப்பிரியா போன் நம்பர் நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நீயே கேட்டுப்போடு அம்மணி."

"ஐயோ, நானெங்கங்க? நீங்க கேட்டாத்தான் வெவரம் சரியா வருமுங்க. கம்ப்யூட்டரு தெரிஞ்சவிய நீங்கதானுங்களே."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் போன் காரமடையில் இருக்கும் அவள் பெரியப்பா சுப்பண்ணனுக்கு.

"மாமா, அருள் பேசறனுங்க. உங்களுக்கு வயசு என்னங்க?"

"எதுக்குங்க மாப்ளை?"

"பாப்பாளுக்குக் காதுகுத்துங்க. அதுக்கு ஒரு வெவரம் எழுதறனுங்க. கடைசியா நம்மூட்டுக்கு எப்ப வந்தீங்க?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

"போன்லயே சொல்லிப்போட்டீங்களா மாப்ளை? நல்லாருங்க. ரொம்ப நல்லாருங்க."

குறிப்பு என்ற கட்டத்தில் 'வாழ்த்தினார்' என்று பதிந்துகொண்டேன்.

நாலு சாயங்காலத்தில் தொண்ணூற்றாறு பேரும் முடிந்தார்கள். அத்தனை பேரும் வாழ்த்தினார்கள். என் பங்காளி வேலுமணி இரண்டு தடவை வாழ்த்தினான். ஒரு பொத்தானை அழுத்தினேன். நேரில் போக வேண்டிய பத்து வீடு வரிசையாக வந்து நின்றது. எல்லாம் நாங்கள் குடியிருக்கும் பீளமேட்டுக்குள். அரை நாள் வேலை. எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

அடுத்த நாள் காலையிலிருந்து சண்முகப்பிரியாவின் போன் ஓயவில்லை.

"ஆமாங்க பெரியப்பா... அப்படியெல்லாம் இல்லீங்க... அவிய வெவரமில்லாம கேட்டுப்போட்டாங்க... வராம இருந்துபோடாதீங்க."

எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். 'நல்லாருங்க' என்றால் 'உன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று அர்த்தம். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நாலு நாளும் என் கண் ஃபார்மில் இருந்தது. நேரில் அழைக்காமல் போனில் விசேஷத்தைச் சொல்வதே குற்றம். அதற்கு மேல், 'எங்கள் வீட்டுக்குக் கடைசியாக எப்போது வந்தீர்கள்' என்று வேறு கேட்டிருக்கிறேன். யாருமே வராவிட்டால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக்கூட ஆள் இருக்காது.

"இப்ப என்ன பண்றது அம்மணி?"

"ரெண்டு பேருமாப் போயி, கையப் புடிச்சுக் கூப்புட்டு வரோணுமுங்க. அத்தன ஊட்டுக்கும். இனி ஒண்ணக்கூட உட முடியாதுங்க."

"வாட்ஸப்பு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

"கவலப்படாதீங்க. முக்குல இருக்கற கதிரேசன் டாக்சிய ஆறு ஞாயித்துக்கெழமைக்கும் சொல்லி வெச்சுப்போட்டனுங்க."

"அதுக்குள்ளயா? எப்பச் சொன்னே?"

"பெரியப்பாவுக்கு நீங்க மொத போன் போட்டீங்கள்ல, அன்னைக்கேங்க."